தென்னந்தோப்பை அடகு வைக்கும் முன்

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் உடுமலைப்பேட்டை பக்கம். இ.இ.இ. முடித்து இரண்டு வருடமாகக் காற்றாலைப் பராமரிப்பில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். சி.ஜி.பி.ஏ. 7.4. ஜெர்மனியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பொறியியலில் எம்.எஸ். படிக்க ஆசை. கோவையில் ஒரு கன்சல்டன்சியில் தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். ஜெர்மன் மொழி தேவையே இல்லையாம். மாத இறுதிக்குள் 50,000 ரூபாய் கட்டினால் சீட் உறுதியாம். மொத்தம் 30 லட்சம் ஆகும் என்கிறார்கள். அப்பா இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். இந்த அக்டோபரில் போகலாமா? சோலார், விண்ட், ஹைட்ரஜன், எதை எடுப்பது? சைட்டில் அலைந்த இரண்டு வருடம் வீண்தானா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வீணில்லை. இன்றைக்கு உங்களிடம் விலைபோகும் சரக்கு என்று இருப்பதே அந்த இரண்டு வருடம்தான். உங்கள் சி.ஜி.பி.ஏ.வைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அக்டோபரில் போகாதீர்கள், அடுத்த அக்டோபரில் போங்கள். 50,000 கட்டாதீர்கள். நடுவில் இருக்கும் ஒரு வருடத்தில் வேலையை விடாமல் ஜெர்மன் படியுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நானும் உங்கள் வழியில் வந்தவன்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நான்கு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தேன். பிறகு வட ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு. இப்போது காற்றாலைகளையும் சோலார் பூங்காக்களையும் மின்கட்டமைப்போடு இணைப்பதற்கான ஆய்வுகள் செய்துகொடுப்பது என் தொழில். நீங்கள் பார்க்கிற மெஷின்களில் பல 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் மெஷின்களாக இருக்கும் என்று நினைக்கிறேன். இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், கீழே பேனலில் கெப்பாசிட்டர் வரிசை. சீசன் நடுவில் பேனலைத் திறந்தால் ஒரு கெப்பாசிட்டர் வயிறு உப்பிப் போய் நிற்கும். மாற்றாமல் விட்டால் மின்வாரியப் பில்லில் ரியாக்டிவ் பவருக்கான, அதாவது பயனுள்ள வேலை செய்யாமல் கம்பியில் போய்வரும் மின்சாரத்துக்கான, ஆர்.கே.வி.ஏ.எச். கட்டணம் ஏறும், முதலாளி போனில் கத்துவார். இதெல்லாம் உங்களுக்கு அன்றாடம். ஆனால் இங்கே என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ரியாக்டிவ் பவர் என்பது ஒரு முக்கோணப் படம். அதற்குப் பணம் கட்டுகிறவரை அவர்கள் பார்த்ததே இல்லை.

சரி, அந்த அனுபவத்துக்கு ஜெர்மனியில் என்ன வேலை? இங்கே புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்தது. மின்சாரத்துக்கு 20 ஆண்டு நிலையான விலை உறுதி. முதலில் நட்ட ஆயிரக்கணக்கான மெஷின்களுக்கு அந்த உறுதி 2020 முடிவில் தீர்ந்தது. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகுதி அந்த வரிசைக்கு வந்துகொண்டே இருக்கிறது. உடைமையாளருக்கு முன்னால் மூன்று வழிதான். ஓட்டிக்கொண்டே போகலாம். பழையதை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று நடலாம். இல்லையென்றால் கழற்றிவிட வேண்டும். ஓட்டுவதென்றால் கோபுரம், போல்ட், இறக்கை எல்லாவற்றையும் ஒரு நிபுணர் பார்த்து, இத்தனை வருடப் பராமரிப்புப் பதிவேட்டைப் படித்து, இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று எழுதித் தர வேண்டும். வயதான மெஷினின் சத்தத்தைக் கேட்டே கியர்பாக்ஸா பேரிங்கா என்று சொல்கிற ஆளுக்கு அங்கே இடமுண்டு. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் 2024-இல் மாநில அரசு தனியாக ஒரு கொள்கையே கொண்டுவந்தது. ஒருவேளை ஊர் திரும்பினாலும் உங்கள் படிப்புக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

இன்னொன்று, பேக்-டவுன். ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் 'மெஷினை நிறுத்து' என்று போன் வரும். எரிச்சலாக இருக்கும் இல்லையா? ஜெர்மனியிலும் அதே நோய்தான். காற்று வடக்கே வட கடல் ஓரத்தில், பெரிய தொழிற்சாலைகள் தெற்கே. நடுவில் கம்பி போதாது. வடக்கிலிருந்து தெற்குக்கு சுமார் 700 கிலோமீட்டருக்கு 'சூட்லிங்க்' என்று நேர்மின்சாரக் கேபிளை மண்ணுக்கடியில் பதித்து வருகிறார்கள். 2022-இல் முடித்திருக்க வேண்டியது, இப்போது 2028 என்கிறார்கள். 2024-இல் மட்டும் 457 மணி நேரம் இங்கே மின்சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அதாவது மின்சாரம் கொடுப்பவரே கையிலிருந்து காசும் கொடுக்க வேண்டிய நேரம்.

உங்கள் 'சோலாரா, விண்டா, ஹைட்ரஜனா' கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. மின்சாரம் உண்டாக்குவது இப்போது பெரிய வித்தை இல்லை. இந்த நாட்டில் செலவாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஏற்கெனவே புதுப்பிக்கத்தக்க வழியில்தான் வருகிறது. 2030-க்குள் 80 சதவீதம் என்பது இலக்கு. உண்டாக்கியதை எங்கே கொண்டுபோய் இறக்குவது, எப்போது சேமிப்பது, கட்டமைப்பு ஆடாமல் எப்படிப் பிடித்துவைப்பது, இங்கேதான் ஆள் பற்றாக்குறை. நீங்கள் இ.இ.இ. படித்தவர். பவர் சிஸ்டம்ஸ் பக்கம் போங்கள். கிரிட் இணைப்பு, பாதுகாப்பு ரிலே, பவர் எலக்ட்ரானிக்ஸ், பேட்டரி சேமிப்பு. பட்டத்தின் பெயரில் 'புதுப்பிக்கத்தக்க' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், பாடப் பட்டியலில் இந்தப் பாடங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'மின்பொறியியல்' என்று வெறுமனே பெயர் வைத்த படிப்பில் இவை நிறைய இருக்கும். பசுமையாகப் பெயர் சூட்டிய சில படிப்புகளில் கொள்கை, மேலாண்மை, பருவநிலை அறிமுகம் என்று இரண்டு செமஸ்டர் ஓடிவிடும்.

சோலார் செல் தயாரிப்பை நம்பி இங்கே வராதீர்கள். ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய செல் தயாரிப்பாளராக இருந்த க்யூ-செல்ஸ் 2012-இல் திவாலானது, அந்தத் தொழில் பெரும்பாலும் சீனாவுக்குப் போய்விட்டது. கூரையில் பேனல் பொருத்தும் வேலை நிறைய இருக்கிறது, ஆனால் அது எலக்ட்ரீஷியன் வேலை, முழுக்க ஜெர்மன் மொழியில் நடக்கும். ஹைட்ரஜனில் அறிவிப்பு அதிகம், கட்டி முடித்தது குறைவு. பிரேமனிலும் ஐசன்ஹூட்டன்ஸ்டாட்டிலும் ஹைட்ரஜன் வழியில் எஃகு தயாரிக்க ஆர்செலர்மிட்டலுக்கு 130 கோடி யூரோ மானியம் தயாராக இருந்தது. 2025 ஜூனில் அந்த நிறுவனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. விருப்பப் பாடமாக ஒன்று எடுத்து வையுங்கள், போதும்.

இப்போது மதிப்பெண் கணக்கு. இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் 7.4-ஐ இங்கே ஜெர்மன் அளவுகோலுக்கு மாற்றுவார்கள். அதில் 1 என்றால் மிகச் சிறப்பு, 4 என்றால் கடைசித் தேர்ச்சி. 'பவேரியச் சூத்திரம்' என்று பெயர். உச்ச மதிப்பான 10-இலிருந்து உங்கள் 7.4-ஐக் கழித்தால் 2.6. உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் அதை வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். குறைந்தபட்சத் தேர்ச்சி 5 என்றால் விடை 2.56. 4 என்று எடுத்தால் 2.3. 6 என்றால் 2.95. பல படிப்புகள் 2.5-க்குள் கேட்கும். ஒரே மார்க் ஷீட், ஒரு கணக்கில் உள்ளே, இன்னொரு கணக்கில் வெளியே! அதனால் உங்கள் ரெகுலேஷனில் தேர்ச்சிக்கான மிகக் குறைந்த கிரேடு பாயின்ட் எது என்று மார்க் ஷீட்டின் பின்பக்கம் பாருங்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதை எடுத்துக்கொள்வது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம், ஆனால் கையில் காகிதம் இருந்தால் அவர்கள் ஊகிக்க வேண்டியதில்லை. எல்லையில் நிற்கும் மதிப்பெண்ணுக்கு வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் படிப்புகள்தான் கைகொடுக்கும். ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் படிப்பு ஓர் உதாரணம். 1987-இலிருந்து, வளரும் நாடுகளில் வேலை பார்த்தவர்களை மனதில் வைத்தே நடத்தி வருகிறார்கள். காற்றாலைக்கென்றே வேண்டுமானால் ஃப்ளென்ஸ்பர்க்கில் ஆங்கிலவழிப் படிப்பு இருக்கிறது. ஃப்ரைபர்க்கில் சோலார் ஆராய்ச்சிக்குப் பேர்போன ஃப்ரௌன்ஹோஃபர் நிலையம் 1981-இலிருந்து இயங்குகிறது, பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே.

அடுத்தது பணம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான். விதிவிலக்குகள் உண்டு. ஃப்ரைபர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுநிலைக்கு 4,000 முதல் 6,000 வரை வாங்குகிறது. மற்றபடி பெரிய தொகை என்று கேட்பது 'தடுப்புக் கணக்கு'. ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 12 லட்சத்துக்குப் பக்கம். பயப்படாதீர்கள், அது யாருக்கும் கட்டும் கட்டணம் இல்லை. உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான காசு, மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். அதற்கு மேல், நம் பட்டச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து இது கட்டாயம். பிறகு விசா, விமானம், அறைக்கு முன்பணம். எல்லாம் சேர்த்து முதல் வருடம் 15 லட்சத்துக்குள் அடங்கிவிடும். கன்சல்டன்சி சொன்ன 30 லட்சத்தில் மீதி எங்கே போகிறது என்று இப்போது புரிகிறதா? தனியார் கல்லூரிக் கட்டணமாகப் போகிறது, அதில் ஒரு பங்கு கமிஷனாகக் கோவைக்கே திரும்பி வரும்.

தனியார் என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதி வகுப்பு இணையத்தில், பாதி நேரில் என்று நடத்தும் படிப்பாக இருந்தால், அது நேரடிப் படிப்பே இல்லை என்று குடிவரவு அலுவலகம் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. அப்போது விசா போனால் கட்டணமும் போகும், வருடமும் போகும்.

அப்பாவின் தோப்பு பற்றி ஒன்று கேட்க வேண்டும். யாரிடம் அடகு வைக்கப் போகிறார்? விவசாய நிலத்தைக் கல்விக்கடனுக்கு ஈடாகப் பல வங்கிகள் வாங்குவதில்லை. கடன் வாராமல் போனால் ஈட்டுச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்வது சர்ஃபேசி சட்டம், அதில் விவசாய நிலத்தை எடுக்க முடியாது என்பது காரணம். அப்படியானால் அப்பா பேசி வைத்திருப்பது வங்கியிடமா, ஊர் ஃபைனான்ஸிடமா? ஃபைனான்ஸ் என்றால் தயவுசெய்து நிறுத்துங்கள். வாடல் நோய்க்குத் தப்பி நிற்கிற தென்னையை வட்டிக்குக் கொடுக்க வேண்டாம். அரசு வங்கிகளில் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கல்விக்கடன் கேட்கலாம். படிக்கும் காலமும் அதன்மேல் ஒரு வருடமும் தவணை இல்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். மீதி ஏழரைக்குத்தான் உங்கள் சேமிப்பும், அப்பாவின் தேங்காய் வருமானமும், தேவைப்பட்டால் கொஞ்சம் நகையும். ஏழரைக்குத் திணறுவது வேறு, 30 லட்சத்துக்கு மூழ்குவது வேறு.

கடனே இல்லாமல் போகவும் ஒரு வழி உண்டு. ஜெர்மன் அரசு நிதியில் இயங்கும் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி., வளரும் நாட்டு நிபுணர்களுக்கென்று ஓர் உதவித்தொகை தருகிறது. மாதத்தொகை, காப்பீடு, பயணச் செலவு எல்லாம் அதில் வரும். அதற்கு அடிப்படைத் தகுதி குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம், பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. உங்களுக்கு இரண்டும் பொருந்துகிறது. காலேஜ் முடித்த கையோடு விண்ணப்பிக்கும் 9.5 சி.ஜி.பி.ஏ. பையனுக்குக் கிடைக்காத கதவு இது. போட்டி கடுமை, கிடைக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம், ஆனால் போடாமல் விடாதீர்கள். அடுத்த வருடம் உங்களுக்கு அனுபவம் மூன்று வருடமாகியிருக்கும்.

இனி ஜெர்மன் மொழி. 'தேவையே இல்லை' என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. வகுப்புக்குத் தேவையில்லை. வகுப்புக்கு வெளியே எல்லாவற்றுக்கும் தேவை.

என் கதையைச் சொல்கிறேன். படிப்பு முடிகிற நேரம், ஒரு சிறிய பராமரிப்பு நிறுவனத்தில் நேர்காணல். உரிமையாளர் அரை மணி நேரம் என்னோடு நல்ல ஆங்கிலத்தில் பேசினார். ஆரல்வாய்மொழிக் கதைகளைக் கேட்டுச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு பட்டறைக்குக் கூட்டிப் போனார். அங்கே தலைமை மெக்கானிக், ஐம்பது வயதிருக்கும், கையில் கிரீஸ். என்னிடம் ஏதோ கேட்டார். புரியவில்லை. மறுபடி மெதுவாகக் கேட்டார். அப்போதும் புரியவில்லை. உரிமையாளர் மொழிபெயர்த்தார். 'மேலே நான் மயங்கிக் கயிற்றில் தொங்கினால், மீட்புப் படைக்குப் போன் செய்து என்ன சொல்வாய்?' கேள்வியில் வெறுப்பு ஒன்றும் இல்லை. கோபுரத்தில் எப்போதும் இரண்டு பேர் ஏற வேண்டும், ஒருவர் உயிர் இன்னொருவர் வாயில். எனக்குப் பதில் இல்லை. வேலையும் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஆள்மீது கோபம் வந்தது, வீடு வந்து சேர்வதற்குள் நியாயம் அவர் பக்கம் என்று புரிந்துவிட்டது. அடுத்த எட்டு மாதம் பல்கலைக்கழக மொழி மையத்திலேயே கிடந்தேன்.

அது பழைய கதை, இப்போது எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று சொல்வார்கள். பேசுகிறார்கள்தான். ஆனால் ஜெர்மனியில் 2023-24-இலேயே 49,000-க்கு மேல் இந்திய மாணவர்கள். வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம். எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும், எல்லாருக்கும் பைத்தான் தெரியும். படிக்கும்போதே வாரம் 20 மணி நேரம் நிறுவனத்தில் வேலை பார்க்கும் 'வெர்க்‌ஷ்டூடண்ட்' இடத்துக்கு நூறு விண்ணப்பம் வரும்போது, தொலைபேசியை எடுத்து ஜெர்மனில் நான்கு வார்த்தை பேசுகிறவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அந்த வேலை கிடைத்தால் 2025-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 12.82 யூரோவிலேயே மாதம் 1,100 வரும். இரண்டாம் வருடச் செலவு அதிலேயே ஓடிவிடும். கிடைக்காவிட்டால் இரண்டாம் வருடத்துக்கும் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். மொழியும் தோப்பும் ஒரே கணக்கு என்று நான் சொல்வது இதனால்தான்.

படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் தங்கலாம். இங்கே பட்டம் வாங்கி, தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு வருடம் இருந்துவிட்டால் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், அதற்கும் பி1 நிலை ஜெர்மன் வேண்டும், அதாவது ஏ1, ஏ2-வுக்கு அடுத்த மூன்றாம் படி. எப்படியும் படிக்க வேண்டிய மொழியை ஜெர்மனி வந்து மூன்று தேர்வுக்கு நடுவில் படிப்பதா, ஊரிலேயே சாயங்காலம் சைட் ரூமில் உட்கார்ந்து படிப்பதா? கோவையில் கோத்தே மையம் இருக்கிறது, வார இறுதி வகுப்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வருடத்தில் பி1 கஷ்டம்தான், ஆனால் முடியும். ஏ2-வில் நின்றாலும் பரவாயில்லை, போங்கள்.

டென்மார்க் போகலாமா என்றும் நீங்கள் கேட்கலாம். காற்றாலைப் படிப்பில் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு நிகரில்லை, ஆனால் ஐரோப்பியர் அல்லாதவருக்குக் கட்டணம் அதிகம். கேட் நுழைவுத் தேர்வு எழுதி நம் ஐ.ஐ.டி.களில் எரிசக்திப் படிப்பு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் அவர்களே தருவார்கள். அதையும் இந்த ஒரு வருடத்தில் எழுதிப் பாருங்களேன். ஏறினால் அப்பாவுக்கு ஒரு பைசா செலவில்லை.

விண்ணப்பங்களை அடுத்த ஜனவரியிலிருந்து தொடங்குங்கள். அக்டோபர் சேர்க்கைக்கு வெளிநாட்டு மாணவர்களுக்கான கடைசித் தேதி பல இடங்களில் மே மாதத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஏ.பி.எஸ்.ஸை மட்டும் அதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்கே மாணவர் விடுதிக்கு எழுதிப் போடுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். அறை கிடைப்பது சீட் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

அப்புறம், வேலை அனுபவச் சான்றிதழ். நம் ஊர் கம்பெனிகள் தருவது 'இவர் எங்களிடம் இன்ன தேதி முதல் பணிபுரிகிறார், நடத்தை திருப்திகரம்' என்று இரண்டு வரி. அதை வைத்து இங்கே ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை மெஷின், எத்தனை கிலோவாட், எந்த ஆண்டு நட்டவை, நீங்கள் மாற்றிய கியர்பாக்ஸ் எத்தனை, பிரேக்டவுனில் எதையெல்லாம் நீங்களே கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு நீங்களே எழுதி, லெட்டர்ஹெட்டில் டைப் செய்து, சைட் இன்சார்ஜிடம் நீட்டுங்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்து போட்டுவிடுவார். சீசனில் மட்டும் போய் நிற்காதீர்கள். காற்று ஓய்ந்து, ஐப்பசி மழை ஆரம்பித்ததும் ஒரு நாள் டீ வாங்கிக்கொண்டு போங்கள்.